ஹெப்பாளத்தில் நின்ற பஸ்

பெங்களூரு,
15.2.2025

அன்புள்ள மாப்ளைக்கு,

அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாத சாப்பாடு. எலஹங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடப்பதால், சுற்றிலும் 13 கிலோமீட்டருக்கு இறைச்சி விற்கக் கூடாது என்று மாநகராட்சி உத்தரவு. ஜனவரி 23 முதல் பிப்ரவரி 17 வரை. கழிவைத் தேடி வரும் பருந்து ஜெட்டில் மோதினால் விமானியின் உயிருக்கே ஆபத்து, அது சரிதான். ஆனால் இத்தனை நாள் பூட்டிக் கிடக்கும் கடைக்காரர் வாடகைக்கு என்ன செய்வார்?

புதன்கிழமை காலை மெஜஸ்டிக் போகிற பஸ்ஸில் ஏறினேன். கண்காட்சி 10 முதல் 14 வரை. 11 முதல் 14 வரை அரண்மனை மைதானத்தில் 'இன்வெஸ்ட் கர்நாடகா' உலக முதலீட்டாளர் மாநாடு. இரண்டுக்கும் பல்லாரி ரோடுதான் வழி. ஏர்போர்ட் போகிற கூட்டமும் அதே ரோட்டில்தான். அந்த வழியில் மெட்ரோ இன்னும் கட்டி முடியவில்லை. ஹெப்பாள மேம்பாலம் ஏறுவதற்கு முன்பே பஸ் நின்றுவிட்டது.

போனில் நான் பேசிய தமிழைக் கேட்டு முன் சீட்டு அம்மா திரும்பினார்.

"தம்பி, மணி என்னாச்சு?"

எட்டரை என்றேன்.

"சதாசிவநகர்ல மூணு வீடு செய்றேன். மொத வீட்ல ஒம்பதுக்கெல்லாம் பூட்டிட்டு ஆபீஸ் போயிடுவாங்க. போகலைன்னா அன்னிக்குச் சம்பளத்தைப் பிடிச்சுக்குவாங்க."

தர்மபுரிப் பக்கத்துக்காரர். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து பட்டன் போனை எடுத்து, கன்னடத்தில் அந்த வீட்டம்மாவிடம் கெஞ்சினார். தலைக்கு மேலே ஜெட் ஒன்று இடியாய்க் கடந்தது. பஸ்ஸே ஜன்னல் பக்கம் சாய்ந்து படம் பிடித்தது. அவர் நிமிரவில்லை. பெண்களுக்கான சக்தி திட்டத்தில் அவருக்கு டிக்கெட் இலவசம். ஆனால் நின்ற நேரத்தில் ஒரு வீட்டுக் கூலி போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கண்டக்டரிடம் கதவைத் திறக்கச் சொல்லி இறங்கி, சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கார்களுக்கு நடுவே மேக்ரி சர்க்கிளை நோக்கி நடந்தார். வெயில் அப்போதே சுள்ளென்று இருந்தது.

எனக்கு மனசே ஆறவில்லை, மாப்ள. சித்திரைத் திருவிழாவுக்கு நம் ஊரில் அடைபடாத தெரு எது? யாரும் கோபப்படுவதில்லை, அழகர் எல்லோருக்கும் வருகிறார். இந்த மாநாட்டில் அந்த அம்மாவுக்கு என்ன பங்கு? கம்ப்யூட்டர் வேலை என்றால் வீட்டிலிருந்தே பார்க்கலாம், பாத்திரம் தேய்க்க நேரில்தானே போகவேண்டும்?

நேற்று 10.27 லட்சம் கோடி ரூபாய் முதலீடு உறுதியானதாக அறிவித்தார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் இரண்டில் ஒன்றை அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருக்கலாம். தும்கூர் ரோட்டில் அவ்வளவு பெரிய கண்காட்சி வளாகம் இருக்கிறது, மாநாட்டை அங்கே வைத்திருக்கலாம். பஸ்ஸுக்கென்று ஒரு தடமாவது விட்டிருந்தால் அந்த அம்மா ஒன்பதுக்குள் போய்ச் சேர்ந்திருப்பார்.

நாளை வந்தே பாரத்தில் கிளம்புகிறேன். ராத்திரி ஸ்டேஷனுக்கு வந்துவிடு.

அன்புடன்,
உன் மாப்ள