ஒரே காற்று

நான் பிறந்தது கிளிநொச்சியில். 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. 2009இல் யுத்தம் முடிந்த பின் அம்மா அங்கேயே மீளக் குடியேறினார். நான் ஹட்டனில் அத்தையின் லயத்துக்கு வந்தேன்.

வைகாசி, ஆனியில் வன்னியில் சோளகம் வீசும். புழுதி பறக்கும், குளம் வற்றும். அதே மாதங்களில் இங்கு கொழுந்து மலையில் மழை கொட்டும். பறித்த நிறை குறைந்தால் அரைப்பேர்தான்.

சகோதரிகளே, இரண்டும் ஒரே காற்று. அப்போது பூமியின் தென்பாதியில் குளிர்காலம். அங்கே இந்து சமுத்திரத்தில் புறப்படும் காற்று, பூமத்திய ரேகையைக் கடந்ததும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பி, கடலின் ஈரத்தோடு தென்மேற்கிலிருந்து வருகிறது. மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகிறது. வன்னிச் சமவெளியில் அதை உயர்த்த மலை இல்லை.

ஹட்டன் பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகை தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் குளிர்வதற்குக் காரணம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரம்.

“இங்க மழையே இல்லை” என்பார் அம்மா தொலைபேசியில். “இங்க வெயிலே இல்லை” என்பேன் நான். ஐப்பசியில் அங்கே மாரி தொடங்கும். நெல் விதைக்க அம்மா அதற்காகக் காத்திருக்கிறார்.