கலயமும் கண்ணாடிக் குவளையும்

தமிழ்ச் சங்க மலரில் குடியைப் பற்றி எழுதலாமா என்று அன்பர்கள் சிலர் ஐயுறக்கூடும். கள்ளுண்ணாமைக்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். அதே தமிழில், கிடைத்த சிறிது கள்ளையும் தமக்கே ஈந்துவிடும் அதியமானின் அன்பை நினைந்து ஔவையார் கலங்கியதைப் புறநானூறு காட்டுகிறது. இரண்டும் நம் முன்னோர் சொற்களே. இவ்விரண்டுக்கும் இடையில் நின்றுதான் நம் குடும்பங்கள் பலவும் இப்பொருளை நோக்கி வந்திருக்கின்றன. அப்படி நின்ற குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. ஆதலால் எழுதுகிறேன்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். மாற்றலாகிச் செகந்திராபாத் வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. வந்த நாள் முதல் குடியிருப்பது லாலாகுடாவில். 1893-ஆம் ஆண்டு நிஜாம் இரயில்வேயின் பெட்டித் தொழிற்சாலை இங்கே அமைந்தது. 1966-இல் தென்மத்திய இரயில்வே பிறந்து, செகந்திராபாத் அதன் தலைமையிடமாயிற்று. இரயிலை நம்பி வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களை எங்கள் தெருக்களில் இன்றும் காணலாம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெலுங்கு முதலில் வரும். தமிழ் சற்றுத் தயங்கிப் பின்னால் வரும்.

என் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு. செம்மணலும் பனையுமே எங்கள் சொத்து. பாட்டனார் பனையேறி. இருள் பிரியுமுன் முருக்குத்தடியைத் தோளில் சார்த்திப் புறப்படுவார். காலில் தளைநார் பூட்டி மரம் ஏறுவார். பாளையை மெல்லச் சீவிக் கலயத்தைக் கட்டுவார். மாலையில் மீண்டும் அதே மரம், அதே ஏற்றம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அதில் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். பதநீரை விடிலியில் காய்ச்சினால் கருப்பட்டி. ஒரு விரல் சுண்ணாம்புதான் உணவையும் போதையையும் பிரிக்கும் வேலி.

அந்த வேலியை அரசாங்கம் பல முறை இடம் மாற்றி நட்டது. 1937-இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுதும் பரவியது. 1971-இல் அது தளர்ந்தது. 1973-இல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. 1981-இல் மீண்டும் திறந்தன. 1987 சனவரி முதல் நாளன்று மறுபடியும் மூடின. அன்று மூடியவை இன்றுவரை திறக்கவில்லை. ஆனால் சீமைச் சரக்குக் கடைகள் இருக்கின்றன; 2003 முதல் அவற்றை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. பனையிலிருந்து இறக்கினால் குற்றம், புட்டியில் அடைத்து விற்றால் வருவாய் என்னும் இந்தக் கணக்கு எழுத்தராகிய எனக்கே எளிதில் விளங்குவதில்லை.

1987-இல் எனக்கு வயது எட்டு. என் சித்தப்பா அதுவரை கள் இறக்கி வாழ்ந்தவர். இறக்கிய கள்ளை அளவோடு தாமும் குடிப்பார். மறுநாள் விடியலில் மரமேற வேண்டுமென்பதால் அளவு மீறமாட்டார். தொழில் நின்றதும் மரம் ஏறும் கட்டாயம் நின்றது. கட்டாயம் நின்றதும் அளவு போயிற்று. முதலில் திருட்டுச் சாராயம், பிறகு பிராந்தி. நாற்பத்திரண்டாம் வயதில் ஈரல் கெட்டு மாண்டார். கருமாதியன்று என் அன்னை, “இனி இந்த வீட்டு ஆண்பிள்ளை எவனும் இதைத் தொடக்கூடாது” என்று எங்களிடம் கைநீட்டிச் சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியம் என்னோடு இரயிலேறி லாலாகுடாவுக்கும் வந்தது. அன்னையும் சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தார்.

வந்து பார்த்தால், கள் இங்கே அம்மனுக்கே படைக்கும் பொருள்! ஆஷாட மாதத்துப் போனாலு விழாவை அறியாத செகந்திராபாத் தமிழர் இரார். 1813-இல் கொள்ளைநோய் பரவிய காலத்தில், உஜ்ஜயினிக்குச் சென்றிருந்த படைப்பிரிவைச் சேர்ந்த சுரிட்டி அப்பையா என்பவர் மகாகாளியிடம் வேண்டிக்கொண்டு, திரும்பி வந்து 1815-இல் இங்கே அம்மனை நிறுவினார் என்பது கோயில் வரலாறு. போஜனம் என்ற சொல்லே போனம் ஆயிற்று என்பர். பாலும் வெல்லமும் இட்ட சோற்றுப் பானை. அதற்கு மஞ்சளும் குங்குமமும் வேப்பிலையும் சூட்டி, மேலே ஒரு விளக்கேற்றிப் பெண்கள் தலையில் சுமந்து வருவர். உடம்பெல்லாம் மஞ்சள் பூசிய போத்துராஜு சாட்டை சுழற்றி முன்னே ஆடுவான். நம் ஊர் ஆடிக் கூழும் முளைப்பாரியும் மொழி மாறி வந்தாற்போல இருக்கும். வித்தியாசம் ஒன்றே: அம்மன் முன்னே வார்க்கும் சாக நீரோடு இங்கே கள்ளும் இடம்பெறுவதுண்டு.

எங்கள் எதிர்வீட்டார் கௌடர்கள், மரமேறும் மரபினர். தம் கிராமத்திலிருந்து ஈச்சங்கள் கலயம் ஒன்றை விழாவுக்கென வருவிப்பர். அன்னை வந்த முதல் ஆண்டு, அவ்வீட்டு முதியவர் கலயத்தைத் திண்ணையில் இறக்கி வைத்தார். என் அன்னை முகத்தைச் சுளித்து உள்ளே போய்விடுவார் என்று எண்ணினேன். அவரோ அருகே சென்று குனிந்தார். கலயத்தின் வாயில் காதை வைத்துச் சிறிது நேரம் கேட்டார். நுரையை விரலால் விலக்கி முகர்ந்தார். பிறகு, “இது இன்று விடியல் இறக்கியதில்லை, நேற்று மாலையது. கலயமும் வெயிலில் காயவில்லை” என்றார். என் மனைவி அதைத் தெலுங்கில் சொன்னபோது முதியவர் திகைத்து, பின் வாய்விட்டுச் சிரித்து, அன்னையை நோக்கிக் கைகுவித்தார். நாவில் ஒரு துளி படாமலே கள்ளின் வயதைச் சொன்ன அந்த அறிவு என் அன்னையிடம் இருக்கிறதென்பதை அன்றுதான் நான் அறிந்தேன்.

இனி மற்றொரு விழாவைச் சொல்கிறேன். என் மைத்துனன் நகரின் மேற்கே கணினி நிறுவனமொன்றில் பணிபுரிகிறான். வயது இருபத்தொன்பது. சென்ற ஆண்டு என் மாமியார் தொலைபேசியில் அழைத்து, “மாப்பிள்ளை, அவன் சனிக்கிழமைதோறும் குடிக்கிறானாமே, உண்மையா? பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். நீங்களே நேரில் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். கோப்பில் குறிப்பெழுதுவது எனக்குப் பழக்கம். இப்படியொரு குறிப்பு எழுதியதில்லை. அவனையே கேட்டேன். அவன் மறைக்கவில்லை. “அத்தான், வருகிற சனிக்கிழமை உள்ளூரில் காய்ச்சும் பீர்களுக்கு ஒரு விழா இருக்கிறது. நீங்களும் வாருங்கள். பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லுங்கள்” என்றான்.

போனேன். வாயிலில் சீட்டு வாங்கிக் கையில் காகிதப் பட்டை ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே புல்வெளி, இசை, வண்ண விளக்குகள். கோதுமையில் செய்தது, கருக வறுத்த பார்லியில் செய்தது, மாம்பழம் சேர்த்தது என வகைவகையாய்ச் சிறு குவளைகளில் வார்த்துக் கொடுத்தார்கள். எனக்கு எலுமிச்சைச் சாறு. ஒரு குவளை பீரின் விலையைக் கேட்டதும் எங்கள் வீட்டு இரண்டு நாள் காய்கறிச் செலவு நினைவுக்கு வந்தது. காய்ச்சும் இளைஞர் ஒருவர், முளைகட்டிய தானியம் எப்படி இனிப்பாகிறது, ஈஸ்ட் அந்த இனிப்பை எப்படி உண்டு நுரைக்கிறது என்று விளக்க, ஆணும் பெண்ணுமாய்ச் சூழ்ந்து நின்று கேட்டனர். மாணவர் ஆசிரியரிடம் கேட்பதுபோல் கேட்டனர் என்றால் மிகையன்று.

அவர் சொன்னவற்றைப் பின்னர் நூல்களில் தேடிப் படித்தேன். ஜெர்மனியின் பவேரியாவில் 1516-இலேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது: பார்லி, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, தண்ணீர் தவிர வேறெதுவும் பீரில் சேரக்கூடாது என்று. மியூனிக் நகரின் புகழ்பெற்ற அக்டோபர் விழா, 1810-இல் ஓர் இளவரசரின் திருமணக் கொண்டாட்டமாகத் தொடங்கியது. இங்கிலாந்தில் பெரிய ஆலைகளின் பீரை வெறுத்து, பழைய முறைப் பீரைக் காக்க 1971-இல் நால்வர் கூடி ஓர் இயக்கம் கண்டனர். அமெரிக்காவில் வீட்டிலே பீர் காய்ச்சுவதற்கு இருந்த தடை 1978-இல் நீங்க, சிற்றாலைகள் பெருகின. நம் நாட்டில் 2009-இல் பூனாவில் அத்தகைய சிற்றாலையொன்று எழுந்தது. பின்னர் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் பல.

ஆக, உள்ளூர்ப் பொருளில், சிறு அளவில், கைப்பக்குவத்தோடு, அன்றன்று புதிதாய்ச் செய்யும் பானம் என்பதே அவ்விழாவின் பெருமை. என் பாட்டனாரின் கலயத்துக்கு இதில் எந்தப் பெருமை குறைவு? பீருக்குத் தானியம் முளைக்க வேண்டும், காய்ச்ச வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கள்ளுக்கோ மரமே இனிப்பை வடித்துத் தருகிறது. காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிரே அதை நுரைக்கச் செய்கிறது. இறக்கிய சில மணி நேரத்தில் அது பீரின் வலிமையை எட்டிவிடும். நாளொன்று கடந்தால் புளித்துக் காடியாகும். அடைத்து வைப்பதும் எளிதன்று, தொலைவுக்கு அனுப்புவதும் எளிதன்று. உள்ளூரிலேயே பிறந்து உள்ளூரிலேயே மாயும் பானம் அதைப்போல் வேறில்லை. எனினும் அங்கே காய்ச்சுபவர் கலைஞர். எங்கள் ஊரில் இறக்குபவர் குற்றவாளி. அந்தப் புல்வெளியில் நின்றபோது என்னை உறுத்தியது இதுதான்.

ஆனால் கள்ளின் பெருமையை மட்டும் பேசி முடித்தால் அது நேர்மையாகாது. மரங்கள் குறைந்து தேவை மிகுந்த இடத்தில் கலப்படம் புகுந்தது. இந்நகரின் கள் காம்பவுண்டுகளில் குளோரல் ஹைட்ரேட், அல்பிரசோலம் போன்ற மயக்க மருந்துகள் கலந்த வெள்ளை நீர் கள்ளென்று விற்ற கதை பழையது. அதற்கு அடிமையானோர், அது கிடைக்காத நாளில் கைநடுங்கி மதிமயங்கி மருத்துவமனை செல்வர். 2004-இல் ஹைதராபாத்தில் மூடப்பட்ட கள்ளுக்கடைகள் 2014-இல் தெலங்கானா பிறந்தபின் திறக்கப்பட்டன. 2025 சூலையில் குக்கட்பள்ளிப் பகுதியில் கலப்படக் கள்ளால் பலர் நோயுற்று உயிர்களும் போயின. மாண்டவர்கள் கூலியுழைப்பாளிகள் போன்ற எளியவர்கள். பவேரியாவின் ஐந்நூறாண்டுச் சட்டம் எந்தக் குடிகாரனையும் திருத்தியிருக்காது. ஆனால் குவளையில் இருப்பது இன்னதென்று அவனுக்கு உறுதியளித்தது. அந்த உறுதியைப் பெறுவதற்குக்கூட நம் நாட்டு ஏழைக்கு வழியில்லை.

விழாவன்று மைத்துனனை நான்கு மணி நேரம் பார்த்திருந்தேன். மூன்று சிறு குவளைகள் குடித்தான், நடுவில் உண்டான், வாடகை வண்டி அழைத்து என்னை லாலாகுடாவில் விட்டுத் திரும்பினான். பேச்சு குழறவில்லை. அதே விழாவில், அவன் வயதினன் ஒருவனை இருவர் தாங்கிச் சென்று வண்டியில் கிடத்தியதையும் கண்டேன். இறங்கும்போது என் சித்தப்பாவின் கதையை அவனுக்குச் சொன்னேன். “அவருக்கு மறுநாள் ஏற ஒரு மரம் இருந்தவரை அளவு இருந்தது. உனக்கு அந்த மரம் எது என்று பார்த்துக்கொள்” என்றேன். சற்று நேரம் பேசாதிருந்து, “சனிக்கிழமைதோறும் என்பதைக் குறைத்துக்கொள்கிறேன், அத்தான்” என்றான்.

மாமியாரிடம் கண்டதைக் கண்டபடியே சொன்னேன்: “குடிக்கிறான், அளவோடு குடிக்கிறான், குறைப்பதாகச் சொல்லியிருக்கிறான். பெண்வீட்டாரிடம் இதை மறைக்க வேண்டாம்.” அவர் அழுதார். “மறைக்காமல் சொன்னால் யார் பெண் கொடுப்பார்கள்?” என்றார். முதலில் வந்த இடம் இதைக் கேட்டு விலகியதும் உண்மை. அடுத்து வந்த பெண்ணோ, அவனிடமே நேரில் பேசி, அவன் சொன்னதை எடைபோட்டு, பின்னர்ச் சம்மதித்தாள். மாமியாருக்கு என்மேல் வருத்தம் இன்னும் முற்றாகத் தீரவில்லை. சொன்ன சொல்லை நான் மாற்றிக்கொள்ளவும் இல்லை.

அவ்வாண்டுப் போனாலுக்கு மைத்துனன் லாலாகுடா வந்தான். எதிர்வீட்டுக் கலயத்தின் அருகே என் அன்னை அமர்ந்திருக்க, “அத்தை, சுண்ணாம்பு எவ்வளவு தடவ வேண்டும்?” என்று கேட்டான். பீர் காய்ச்சும் இளைஞரிடம் கேட்ட அதே ஆவல். “அளவா? சீசாவிலா அளந்தோம்? மழை நாளுக்கு ஒரு கை, வெயில் நாளுக்கு ஒரு கை. தடவுகிற விரலுக்குத் தெரியும் தம்பி” என்றார் அன்னை. பாளையை எப்படி இடுக்கிப் பதப்படுத்துவது, எந்த மாதம் ஆண்பனை சுரக்கும், எது பெண்பனையின் காலம் என்றெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னார். எதிர்வீட்டு முதியவர் தம் இடுப்பு மோகுவைக் கொணர்ந்து காட்டினார். சித்தப்பா இறந்தபின் மரமேறும் தொழிலைப் பற்றி என் அன்னை அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ஹுசேன் சாகர்க் கரையில் 2023-இல் அரசு திறந்த நீரா கடைக்கு அன்னையை ஒருநாள் அழைத்துச் சென்றோம். நீரா என்பது நம் பதநீரே. குளிர்ந்த குவளையில் ஒரு வாய் அருந்திவிட்டு, “சுத்தமாகத்தான் இருக்கிறது; ஆனால் பனையோலைப் பட்டையில் குடித்தால்தான் மணம்” என்றார். அவர் வாங்கிய சத்தியத்துக்கு அதில் பங்கமில்லை.

அயலூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கோயிலையும் குறளையும் சொல்லித் தருகிறோம். பாட்டன் செய்த தொழிலை மட்டும், அது பனையேற்றமாயின், சொல்லாமல் விழுங்கிவிடுகிறோம். குடியின் கேட்டை அவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். என் சித்தப்பாவை மறைத்து நான் எதையும் சொல்லமாட்டேன். அத்துடன், அந்த மரத்தை ஒரு நாளில் இரு முறை ஏறி இறங்கிய கால்களின் உழைப்பாலேதான் நான் பட்டதாரியானேன் என்பதையும் சொல்வேன். என் மகள் இப்போது பள்ளிக் கட்டுரைக்காகப் பாட்டியிடம் விடிலியைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். தளைநார் என்ற சொல்லுக்குத் தெலுங்கில் என்ன என்று கேட்கத்தான் சற்று முன்பு எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறாள்.