இரண்டு கிரெடிட்

பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் என் சித்தி மகன் பி.பி.ஏ. மூன்று வருஷமும் படித்துவிட்டான், பட்டம்தான் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் கேட்பது 140 கிரெடிட், அவனிடம் இருப்பது 138. காஸ்ட் அக்கவுண்டிங் முதல் தடவையே பாஸ். பாவு, ஊடை, ஜரிகை, கூலி என்று பிறந்ததிலிருந்து காதில் விழுந்த கணக்குதானே! நின்றது பகுதி நான்கில், சுற்றுச்சூழல் தாள். வகுப்பு நிர்ணயிக்க அந்த மார்க் சேராது. ஆனால் அது இல்லாமல் பட்டமும் கிடையாது. விதி சரிதான் என்பேன். சாயத் தண்ணீர் எங்கே போகிறதென்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதைத் தாளில் எழுதி நூற்றுக்கு 40 எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வேலை தருவதாகச் சொன்ன கம்பெனி சான்றிதழ் கேட்கிறது. "எழுதிடுவேண்ணா" என்கிறான். நவம்பர் தேர்வுக்குப் பணம் கட்டியாச்சு. கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். அதுவரை சித்தப்பாவோடு தறியில் உட்காருகிறான்.