வாங் பெய் ட்ஸோ

2006 ஒக்டோபரில் பத்திரிகையாளர் குழுவொன்றுடன் பெய்ஜிங் சென்றிருந்தேன். இறுதிநாள் மாலை, சியென்மென் வாயிலுக்குத் தெற்கேயுள்ள ஹுத்தோங் எனப்படும் பழைய ஒழுங்கைகளில் தனியே உலாவப்போய் வழி தவறிவிட்டேன். தியனன்மென் சதுக்கத்தின் அருகிலிருந்து ஐந்தரைக்கு விமான நிலையத்துக்கு பஸ். கடவுச்சீட்டோ குழுத்தலைவரின் கைப்பையில்.

என்னிடம் இருந்தது மனனம் செய்த ஒரேயொரு வாக்கியம். 'சிங் வென், தியனன்மென் ட்ஸென்ம ட்ஸோ?' 'தயவுசெய்து கேட்கிறேன், தியனன்மென்னுக்கு எப்படிப் போவது?' என்பது பொருள். இதில் 'வென்' என்பதைக் குரலை இறக்கிச் சொன்னால் 'கேட்டல்'. தாழ்த்தி ஏற்றினால் 'முத்தம்'. பழம் விற்ற அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நான் எதைச் சொன்னேன் என்பது அவருக்கே வெளிச்சம்!

அடுத்து ஒரு முதியவர். நிதானமாகக் கேட்டுவிட்டு, 'வாங் பெய் ட்ஸோ' என்றார். இடம், வலம் என்பவற்றுக்கான சொற்களைப் படித்திருந்தேன். அவர் இரண்டையுமே சொல்லவில்லை. சட்டென்று புரிந்தது. பெய்ஜிங் என்றால் வடதலைநகர், நான்ஜிங் தென்தலைநகர். 'பெய்' வடக்கு!

சதுரம் சதுரமாக வகுக்கப்பட்ட அந்நகரத்தார் திசை சொல்லித்தான் வழிகாட்டுவார்களாம். யாழ்ப்பாணத்தில் என் அப்புவும் 'கிழக்காலை போய் வடக்காலை திரும்பு' என்றுதான் சொல்வார். கொழும்பு வாழ்க்கையில் நான் அதை மறந்தே போயிருந்தேன்.

சாயும் சூரியனை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தேன், ஓடினேன் என்பதே சரி. ஏழு நிமிடம் பிந்திவிட்டது. பஸ் நின்றது.

"எங்கை ஐசே போனீர்?" என்று சீறினார் குழுத்தலைவர்.

"தெற்காலை" என்றேன்.