கொள்ளிடம் கொண்டது போக

முக்கொம்பில் பஸ்ஸை விட்டு இறங்கிய கூட்டம் புளிசாதத் தூக்கோடு பூங்காவுக்குள் நுழைந்தது. நான் ஷட்டர் பாலத்துக்கு நடந்தேன். மேற்கிலிருந்து அகண்டு வரும் காவிரி இங்கேதான் இரண்டாகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. இங்கிருந்து கல்லணை வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.

கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, ஓட்டம் நேர். அதனால் முன்பெல்லாம் தண்ணீர் அந்தப் பக்கமே சாயும். காவிரி வாயில் மணல் ஏறிக்கொண்டே போகும். வெள்ளக் காலத்தில் கொள்ளிடக் கரைக்கு ஆபத்து. வெள்ளம் வடிந்தாலோ தஞ்சாவூர் வாய்க்கால்களில் தண்ணீர் ஏறாது. வெள்ளமும் வறட்சியும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

1799இல் தஞ்சாவூரும் 1801இல் திருச்சியும் கிழக்கிந்தியக் கம்பெனி வசமாயின. தண்ணீர் ஏறாத நிலத்தில் தீர்வை ஏது? 1804இல் கேப்டன் கால்டுவெல் காவிரியை ஆராய வந்தார். (ஒப்பிலக்கணம் எழுதிய பிஷப் வேறு; அவர் அப்போது பிறக்கவே இல்லை.) கேப்டன் சொன்னபடி கல்லணையின் தலையை உயர்த்தினார்கள். 1830 வாக்கில் பொறியாளர் ஆர்தர் காட்டன் அதில் மணல் போக மதகுகள் வைத்தார். போதவில்லை. நோய் கல்லணையில் இல்லை, ஆறு பிரியும் இடத்தில் இருக்கிறது என்று முக்கொம்புக்கு வந்தார். 1836 முதல் 1838 வரை கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது.

மருந்து அளவுக்கு மீறி வேலை செய்தது. இப்போது காவிரிக்குள் தண்ணீர் அதிகமாகப் புகுந்து படுகையை அரித்தது. 1840களின் நடுவில் காவிரி வாயிலிலும் குறுக்கே கட்ட வேண்டியதாயிற்று. காட்டனைத் திறமைசாலி என்று எல்லோரும் எழுதுவார்கள். எனக்கோ அவர் ஆற்றிடம் அடி வாங்கி அடி வாங்கிப் பாடம் படித்தவராகத்தான் தெரிகிறார்.

தென்கரை வழியாகக் கிழக்கே வந்தால் எதிர்க்கரையில் அம்மா மண்டபம். படித்துறையில் மஞ்சளும் காதோலை கருகமணியும் விற்கிறார்கள். ஆடியில் நம்பெருமாள் இங்கே எழுந்தருளி, காவிரித் தாயாருக்குப் பட்டும் மாலையும் சீராக ஆற்றில் விடப்படும். தாயார் அடக்கமாக வருவதற்குக் காரணம், பெருவெள்ளத்தை வடக்கே கொள்ளிடம் வாங்கிக்கொள்வதுதான். அங்கே யாரும் சீர் கொண்டு போவதாகத் தெரியவில்லை.

2018 ஆகஸ்டில் கொள்ளிடம் தன்னைக் காட்டியது. 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் முதலில் சாய்ந்தன. சில நாளில், 22ஆம் தேதி இரவு, மேலணையின் 45 ஷட்டர்களில் 9 கண்ணோடு போயின. காட்டன் கட்டிய அந்த அணைக்கு ஏறக்குறைய 180 வயது. பாறாங்கல்லும் மணல் மூட்டையும் கொட்டிக் கொட்டித்தான் ஓட்டத்தை மறித்தார்கள். பிறகு சற்றுக் கீழே புதுக் கதவணை வந்தது.

தீவின் வால் முனையில் இரண்டு ஆறுகளும் மறுபடி ஒட்டிவிடப் பார்க்கின்றன. ஒட்டினால் மேட்டில் இருக்கும் காவிரி முழுக்கப் பள்ளத்துக் கொள்ளிடத்தில் கொட்டிவிடும். அந்த இடத்தை அடைத்து நிற்பதுதான் கல்லணை. கரிகாலன் பெயர் சொல்லும் அடித்தளம், ஆழம் காணாத மணலில் இறக்கிய கற்கள். மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இங்கேதான் கற்றோம் என்று காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். மேலணையும் பின்னாளில் கோதாவரியில் அவர் கட்டிய தவளேஸ்வரம் அணையும் அந்த வித்தையின் பிள்ளைகள்.

கல்லணைப் பாலத்தில் மீன் வறுவல் வாசனை. இடப்பக்கம் எட்டிப் பார்த்தால் வெகு கீழே கொள்ளிடத்து மணல், நாணல், பத்துப் பதினைந்து மாடுகள். ஷட்டர் பக்கம் நின்ற ஊழியர் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்:

"முக்கொம்புல கொள்ளிடத்தைத் தொறந்துட்டாங்களாம் மாமா. மாட்டை ஓட்டிக்கிட்டு மேல ஏறிடச் சொல்லுங்க. இப்பவே."