எங்கள் வீட்டு நீலி

பாறசாலையில் எங்கள் வீட்டு முற்றத்தில், பலா மரத்தின் நிழலில், ஒரு பழைய மகிழுந்து நிற்கிறது. மகிழுந்து என்பது பாடநூலில் கற்ற சொல். வீட்டில் அதை எவரும் அப்படி அழைத்ததில்லை. அப்பா 'ஹெரால்டு' என்பார். தாத்தாவை எங்கள் பக்கத்தில் 'பாட்டா' என்போம். பாட்டாவுக்கு அது வெறும் 'வண்டி'. குழந்தைகளாகிய நாங்கள் மட்டும், அதன் வெளிர்நீல நிறத்தைக் கண்டு, 'நீலி' என்று பெயர் சூட்டினோம். பாட்டிக்கு அந்தப் பெயர் அறவே பிடிக்கவில்லை. நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டில் வழிப்போக்கரை மயக்கிக் கொன்ற நீலியின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். "இராத்திரி வழிப்பயணம் போகிற வண்டிக்கு வைக்கிற பெயரா இது?" என்று கடிந்துகொள்வாள். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

1974 ஆம் ஆண்டில் அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. அதற்கு முந்தைய ஆண்டு உலகெங்கும் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டுப் பெட்ரோல் விலை கடுமையாக ஏறியிருந்தது. கார் வைத்திருந்தவர்களே அதை விற்றுவிட எண்ணிய காலம் அது. திருவனந்தபுரத்து மருத்துவர் ஒருவர் ஐந்தாண்டு ஓட்டிய காரைக் குறைந்த விலைக்குத் தர முன்வந்தார். குறைந்த விலை என்றாலும் அது பாட்டாவின் கைக்கு எட்டாத விலை. பாட்டியின் இரட்டைவடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. அது திரும்பி வரவே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பாட்டா நூல் வணிகர். வடசேரியிலும் நாகர்கோவிலிலும் நூல் வாங்கி, பாலராமபுரத்து நெசவாளர்களுக்குக் கொடுப்பார். அவர்கள் நெய்த வேட்டியையும் நேரியலையும் வாங்கி வருவார். பாலராம வர்மா மன்னரின் காலத்தில், அதாவது 1798க்கும் 1810க்கும் இடையில், தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்தப்பட்ட சாலியர் குலத்தவர் அந்நெசவாளர்கள். அவர்களோடு பாட்டா தமிழில் கணக்குப் பேசுவார். கடைத்தெருவில் மலையாளத்தில் விலை பேசுவார். பேருந்தின் மேல் நூல் கட்டுகளை ஏற்றி இறக்கி அவருடைய தோள் தேய்ந்திருந்தது. வண்டி வாங்கியதற்கு அவர் வெளியில் சொன்ன காரணம் அதுவே.

சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் 1956 ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அதுவரை எங்கள் ஊரும், பாட்டாவின் தங்கை வாழ்ந்த குழித்துறையும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எங்கள் பாறசாலை இந்தப் பக்கம். குழித்துறை அந்தப் பக்கம். இப்பாடத்தைப் படிக்கும் உங்களில் பலருடைய பெற்றோர் வேலை தேடித் தமிழ்நாட்டிலிருந்து எல்லையைக் கடந்து வந்திருப்பார்கள். நாங்கள் எங்கும் போகவில்லை. எல்லைதான் எங்களைக் கடந்து போயிற்று.

அதனால் விளைந்த வேடிக்கைகள் பல. பள்ளியில் என்னைப் 'பாண்டி' என்று கேலி செய்வார்கள். விடுமுறைக்குக் குழித்துறைக்குப் போனால், அங்குள்ள பிள்ளைகள் என் பேச்சைக் கேட்டு 'மலையாளத்துக்காரி' என்பார்கள். எங்கள் வண்டியின் எண்பலகையும் கே.எல்.டி. என்று தொடங்கித் திருவனந்தபுரத்து வண்டி என்று பறைசாற்றிற்று. திருமண வீட்டு வாசலில் அது நின்றால், "மலையாளத்து உறவுக்காரர் வந்தாயிற்று" என்று உள்ளே குரல் கேட்கும்.

வண்டியைப் பற்றியும் சற்றுச் சொல்ல வேண்டும். ஹெரால்டு 1959 இல் இங்கிலாந்தில் பிறந்தது. அதன் வடிவத்தை வரைந்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் அதை உருவாக்கியது. இங்கிலாந்தில் அதற்கு இரண்டே கதவுகள். பின்னிருக்கைக்கு முன்னிருக்கையை மடக்கித்தான் ஏற வேண்டும். கூட்டுக் குடும்பத்தோடு பயணம் செய்யும் நம்மவர்க்கு அது ஒத்துவருமா? நம் தொழிற்சாலையினர் நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டைச் செய்தனர். அப்படியொரு ஹெரால்டு வேறு எந்த நாட்டிலும் உருவாகவில்லை என்பதைப் பாட்டா விருந்தினர் அனைவரிடமும் சொல்வார். சொன்னவர்களிடமே மறுபடியும் சொல்வார்.

வண்டியின் முன்பக்கம் முழுவதும், சக்கரங்களின் மேல்மூடி உட்பட, ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். முதலை வாய் பிளப்பதுபோல் இருக்கும். பழுது பார்ப்பவர் முன்சக்கரத்தின்மேல் அமர்ந்துகொண்டே வேலை செய்யலாம். மற்றொரு சிறப்பு, அது திரும்பும் விதம். 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். எங்கள் ஊர்ச் சந்துகளில் மற்ற கார்கள் முன்னும் பின்னும் போய்த் திணறும்போது, நீலி ஒரே வீச்சில் திரும்பி நிற்பாள். இவ்வளவு சிறப்பும் 948 சி.சி. எஞ்சினுக்கு வேகத்தைத் தந்துவிடவில்லை. ஐந்து பேரும் நூல் கட்டும் ஏறினால் மணிக்கு 40 கிலோமீட்டருக்குமேல் போவதை நீலி விரும்பமாட்டாள்.

அந்த மெதுவான ஓட்டமே எனக்கு ஆசிரியர் ஆயிற்று. எங்கள் பள்ளியில் தமிழ் கிடையாது. இஞ்சிவிளையைக் கடந்து களியக்காவிளைக்குள் நுழைந்ததும், கடைப் பலகைகளின் எழுத்து மாறிவிடும். அதுவரை மலையாளம், அதன்பின் தமிழ். பாட்டா வண்டியின் வேகத்தை இன்னும் குறைத்து, "மக்களே, படியுங்கள்" என்பார். முதலில் படித்து முடிப்பவருக்கு ஒரு துண்டு பனங்கற்கண்டு. மருந்துக்கடை, சைக்கிள் கடை, பாத்திரக்கடை, நகைக்கடை என்று படித்துக்கொண்டே போவோம். ஒருமுறை 'தேங்காய் மொத்த வணிகம்' என்ற பலகையைப் பார்த்து, மலையாளத்தில் 'தேங்ங' என்று சொல்லிப் பழகிய நாவால் நான் 'தேங்ஙாய்' என்று உரக்கப் படித்தேன். பாட்டா சிரித்த சிரிப்பில் வண்டி ஓரமாய்ப் போய் நின்றுவிட்டது. கற்கண்டு கிடைக்கவில்லை. 'ங'வுக்குப் பின் 'க' வந்தால் தமிழில் எப்படி ஒலிக்கும் என்பது அன்று முதல் மறக்கவும் இல்லை.

ஆண்டுதோறும் ஆடி அமாவாசைக்குக் குழித்துறைக்குப் போவோம். பாட்டா ஆற்றில் மூழ்கி முன்னோருக்குப் பலியிடுவார். பின்னர் வாவுபலிப் பொருட்காட்சியில் எங்களுக்கு வளையலும் விளையாட்டுப் பொருளும் வாங்கித் தருவார். தங்கை வீட்டில் உண்ட பிறகு, அண்ணனும் தங்கையும் திண்ணையில் அமர்ந்து ஒன்றும் பேசாமல் வெற்றிலை மெல்வார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் வண்டி வாங்கினார் என்று பாட்டி பிற்காலத்தில் என்னிடம் சொன்னாள்.

1981 ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் ஓர் இரவு. அடுத்த வீட்டு மலையாளக் குடும்பத்தின் மகளுக்குப் பேறுகால வலி கண்டது. எங்கள் தெருவில் வேறு வண்டி கிடையாது. அப்பா வெளியூரில் இருந்தார். பாட்டா வண்டியை எடுத்தார்; பாட்டி அந்தப் பெண்ணின் தலையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டாள். கைவிளக்குப் பிடிக்க என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நெய்யாற்றின்கரையில் பார்த்த மருத்துவர், குழந்தை குறுக்காகக் கிடக்கிறது, உடனே திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்குப் போங்கள் என்றார்.

பாலராமபுரத்தை நெருங்கும்போது வண்டியின் முன்புறத்தில் சடாரென்று ஒலி கேட்டது. ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. அது இல்லையென்றால் விசிறி சுழலாது, ரேடியேட்டரின் நீர் ஓடாது. சற்று நேரத்தில் எஞ்சின் கொதித்து நின்றுவிடும். மாற்றுப் பெல்ட் இல்லை. அந்த மழையில், அந்த நேரத்தில், சாலையில் வேறு வண்டியும் இல்லை. பின்னால் அந்தப் பெண் முனகும் ஒலி. பாட்டா ஒரு கணம் சும்மா நின்றார். பிறகு டிக்கியைத் திறந்து, மறுநாள் நெசவாளர்க்குக் கொடுக்க வைத்திருந்த நூல் கட்டைப் பிரித்தார். கழி கழியாக எடுத்து, நான் ஒரு முனையைப் பற்றிக்கொள்ள, அவர் மறுமுனையை முறுக்கினார். அந்தக் கயிற்றைச் சக்கரங்களின்மேல் இழுத்துக் கட்டினார். என் கையிலிருந்த விளக்கு நடுங்கியதால், "ஆடாமல் பிடி, மக்களே" என்றார். அவருடைய குரலும் ஆடியது.

வழியில் கயிறு இரண்டுமுறை அறுந்தது. இரண்டுமுறையும் புதிதாய் முறுக்கினோம். மருத்துவமனை வாசலை அடைந்தபோது முன்புறத்திலிருந்து வெண்ணிற ஆவி எழுந்துகொண்டிருந்தது. டிக்கியில் நூல் பாதியாகக் குறைந்திருந்தது. விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிழைத்தாள். அந்தக் குழந்தைக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீலியின் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டே படியேறுகிறாள். கெட்டுப்போன நூலின் விலையை அவளுடைய தாத்தா கொடுக்க வந்தபோது பாட்டா வாங்கவில்லை. ஆனால் அந்த மாதம் முழுவதும் பாட்டி அரிசியை அளந்து போட்டாள். அதுவும் எனக்கு நினைவிருக்கிறது.

1991 இல் பாட்டா மறைந்தார். சென்னையில் ஹெரால்டு உற்பத்தி நின்று அப்போதே இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. உதிரிப் பாகங்களுக்காக அப்பா பழைய இரும்புக் கடைகளில் அலைவார்; கிடைக்காதவற்றைக் கடைசல் பட்டறையில் செய்வித்துக்கொள்வார். "விற்றுத் தொலையுங்களேன்" என்று அம்மா சொன்னால், அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா தமது 1955 ஆம் ஆண்டு மாதிரிப் பென்ஸ் காரை விற்காமல் வைத்திருப்பதை எடுத்துக்காட்டாகச் சொல்வார். அரண்மனைக்கும் நமக்கும் என்ன ஒப்புமை என்று அம்மா கேட்பாள். நியாயமான கேள்விதான்.

2021 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் ஒரு புதிய விதி வந்தது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் கார்களைப் பழம்பெருமை வாய்ந்த வாகனங்களாகத் தனியே பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய் என்பது அவ்விதி. அதே சமயத்தில், பழங்கார்களைச் சேர்ப்பவர் ஒருவர் கொச்சியிலிருந்து வந்து, வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னார். எங்கள் ஓட்டுக்கூரையைப் பிரித்துப் புதிதாக வேய்ந்தாலும் மீதம் இருக்கும் தொகை அது. கூரை அப்போது மூன்று இடங்களில் ஒழுகிக்கொண்டிருந்தது.

அப்பா இரண்டு நாள் எவரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் அத்தை மகனை அழைத்து, "விற்க வேண்டாம், அந்தப் புதிய பதிவையாவது செய்துவிடலாமா? விதியை முழுதாகப் படி" என்றார். அத்தான் கைப்பேசியில் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டு போகலாம். எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது.

"ஆடி அமாவாசைக்குக் குழித்துறைக்குப் போகலாமா?" என்று அப்பா கேட்டார்.

"அதற்கெல்லாம் இடமில்லை, மாமா."

அப்பா எழுந்து முற்றத்துக்குப் போனார். நீலியின்மேல் உதிர்ந்து கிடந்த பலா இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். மறு ஏப்ரலில் பழைய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அப்பா சாதாரண வண்டிக்குரிய அந்தக் கட்டணத்தையே கட்டினார். கூரையின் ஒழுகலுக்கு அடியில் இன்றும் மழைக்காலத்தில் இரண்டு பாத்திரங்கள் வைக்கிறோம்.

அப்பாவுக்கு இப்போது கண்பார்வை மங்கிவிட்டது, ஓட்டுவது நான். சென்ற ஆடி அமாவாசைக்கு அவரை முன்னிருக்கையில் அமர்த்திக் குழித்துறைக்குப் புறப்பட்டேன். பின்னிருக்கையில் ஏழு வயதுப் பேத்தி. திருவனந்தபுரத்தில் ஒரு மத்தியப் பள்ளியில் படிக்கிறாள். உங்களைப்போல் தமிழை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறாள். களியக்காவிளையைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த லாரி ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தது. அவள் சன்னல் கண்ணாடியை இறக்கி, விரலை நீட்டி, எழுத்துக் கூட்டத் தொடங்கினாள்.

"ம... மாங்... மாங்ஙாய்..."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, சட்டைப் பையில் கற்கண்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மறுபடியும் படி, மக்களே" என்றார்.

நான் இரண்டாம் கியருக்கு மாற்றினேன்.