ராயபுரத்து உப்புக்காத்தும் ரெஸொனேட்டர் கிடாரும்

ஸ்லைடு ப்ளூஸ் வாசிக்கணும்னு ராயபுரத்துல ஒருத்தர் ரெஸொனேட்டர் தேடிக் கிளம்பினா, வீட்டுல வர்ற முதல் கேள்வி: "இதென்னடா, கிடார் நடுவுல எவர்சில்வர் தட்டு?"

தட்டு வெறும் மூடிதாங்க. அடியில இருக்கிற மெல்லிய அலுமினியக் கூம்புதான் பாடுது. ஆம்ப்ளிஃபயர் பரவாத காலத்துல, பேண்டு இரைச்சலுக்கு நடுவே கிடார் கேக்கணும்னு 1927-ல நேஷனல் கம்பெனி கொண்டுவந்த ஏற்பாடு.

கூம்புல 'பிஸ்கட்' ரகம் சுள்ளுனு அடிச்சு சட்டுனு அடங்கும். சன் ஹவுஸ் வாசிச்சது இதைத்தான். 'ஸ்பைடர்' ரகம் இழுத்து ரீங்கரிக்கும், ப்ளூகிராஸ்காரங்க சொத்து. ப்ளூஸுக்கு பிஸ்கட், ரெண்டாவது யோசனையே வேண்டாம்.

சதுரக் கழுத்து மடியில படுக்கவெச்சு வாசிக்க. (நம்ம சித்திரவீணையும் அப்படித்தானே, மெட்டே இல்லாம கட்டையால சறுக்கறது!) விரல்ல கண்ணாடிக்குழாய் மாட்டி, நடுநடுவே மெட்டும் அழுத்தணும்னா வட்டக் கழுத்து.

காசிமேட்டுப் பக்கம் வீடுன்னா உண்மையான சிக்கல் உடம்புலதான். ஸ்டீல் உடம்புல பூச்சு கீறின இடமெல்லாம் துரு. பித்தளை துருப்பிடிக்காது, கறுக்கும், அவ்வளவுதான். (அதுக்காக குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க!) ஆனா விலையும் கனமும் ஜாஸ்தி. கட்டுப்படியாகலைன்னா, மலிவான ஸ்டீலை விட பிஸ்கட் கூம்பு வெச்ச மர உடம்பு மேல்.

பழசு வாங்கறவங்க எல்லாத் தந்தியையும் பலமா மீட்டிப் பாருங்க. கரகரன்னு வந்தா கூம்பு நசுங்கியோ, சரியா உக்காராமலோ இருக்கலாம். மூடியைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. மாட்டேன்னா அடுத்த கடை.